குடிநீர் ஒப்பந்தத்தில் நட்டம் யாருக்கு? அரசு, தனியார், ஊர் மக்கள் இடையே இடரைப் பங்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

2011 ஜனவரி இறுதியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு சீரழிந்ததை எதிர்த்து உழவர்கள் பல ஆண்டுகள் நடத்திய வழக்கில் வந்த உத்தரவு அது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஆற்றுக்கு அது நல்ல செய்தி. ஆனால் அந்தப் பட்டறைகளை முதன்மை வாடிக்கையாளர்களாக நம்பி, சுமார் ரூ.1,023 கோடி செலவில் பவானி ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்திருந்த ‘நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன்’ நிறுவனத்துக்குப் பேரிடி. தண்ணீர் இருந்தது, குழாய் இருந்தது, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தரும் ஏற்பாடு இருந்தது. வாங்கத்தான் ஆளில்லை.

குடிநீர்த் திட்டங்களில் ‘இடர்’ என்று சொல்வது இதைத்தான்: நட்டத்தைக் கொண்டுவரக்கூடிய, யாரும் உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு நிகழ்வு. வறட்சி, மோட்டார் எரிவது, நாணய மதிப்பு சரிவது, தேர்தலுக்கு முன் கட்டண உயர்வு நிறுத்தப்படுவது, மக்கள் பணம் கட்ட மறுப்பது எல்லாம் இதில் அடங்கும். இடரை ஒழிக்க முடியாது; யார் சுமப்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்கத்தான் முடியும். எழுதாமல் விட்ட இடர் காணாமல் போய்விடுவதில்லை. பேச்சு நடந்த மேசையில் இடம் கிடைக்காதவரிடம் அது போய்ச் சேர்கிறது. தண்ணீரைப் பொறுத்தவரை அவர் பெரும்பாலும் குழாயடியில் குடத்துடன் நிற்பவர்.

நகராட்சி மன்ற உறுப்பினர்கள், ஊராட்சித் தலைவர்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள், கிராமக் குடிநீர்க் குழுவினர், சிறு ஒப்பந்ததாரர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. வழக்கறிஞருக்கு மாற்று ஆகாது. அவரிடம் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

படி 1: யார் யார் என்று பிரித்து எழுதுங்கள்

‘அரசு, தனியார், மக்கள்’ என்று மூன்று கட்டம் போடுவது எளிது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பலர் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது நகராட்சி. ஆற்றில் தண்ணீர் எடுக்க அனுமதி தருவது நீர்வளத் துறை. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நடத்துவது குடிநீர் வடிகால் வாரியம். மின்சாரம் தருவது மின்வாரியம். சாலையைத் தோண்ட விடுவது நெடுஞ்சாலைத் துறை. ‘அரசு அனுமதிகளைப் பெற்றுத் தரும்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், நகராட்சி தன் கையில் இல்லாத ஒன்றுக்கு வாக்குக் கொடுத்துவிட்டது என்று பொருள். அனுமதிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதி, எது எந்தத் தேதிக்குள் வர வேண்டும், வராவிட்டால் காலதாமதத்தின் செலவு யாருடையது என்று குறியுங்கள்.

தனியார் தரப்பிலும் முதலீட்டாளர், கட்டுமான ஒப்பந்ததாரர், நிலையத்தை இயக்குபவர், கடன் தரும் வங்கி என்று தனித்தனி நலன்கள் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது பெரும்பாலும் அந்தத் திட்டத்துக்காகவே தொடங்கப்பட்ட சிறு நிறுவனம். பெரிய பெயருள்ள தாய் நிறுவனம் பின்னால் நிற்கும். சிக்கல் வந்தால் அப்படியே விலகி நிற்கும். தாய் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ உத்தரவாதமும் வங்கி உத்தரவாதமும் கையில் இல்லாமல், அந்தச் சிறு நிறுவனத்தின் மேல் எந்தப் பெரிய இடரை ஏற்றினாலும் அது காகிதத்தோடு சரி.

மக்கள் தரப்பில் முதலில் கேட்க வேண்டியது: இந்தக் குழுவுக்குச் சட்டப்படி ஓர் இருப்பு உண்டா? வங்கிக் கணக்கு உண்டா? வீட்டுக்கு வீடு குழாய் இணைப்புத் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் அமைக்கப்படும் கிராமக் குடிநீர்க் குழு ஊராட்சியின் துணைக்குழு. 10 முதல் 15 உறுப்பினர்கள், அதில் பாதிப் பேர் பெண்கள். சட்டத்தின் முன் நிற்க அதற்கு ஓர் அடித்தளம் இருக்கிறது. பதிவு செய்யாத தெருக் குழுவுக்கு அது இல்லை. அதன் பெயரில் எந்தப் பொறுப்பையும் எழுதக் கூடாது.

பட்டியலில் எப்போதும் விடுபடுபவர்கள் ஏற்கெனவே தண்ணீர் தந்துகொண்டிருப்பவர்கள்: டேங்கர் லாரிக்காரர்கள், சொந்த ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பக்கத்து வீடுகளுக்குக் குழாய் இழுத்தவர்கள், தாங்களே கிணறு வெட்டிக்கொண்ட குடியிருப்புகள். இவர்களை விட்டுவிட்டதன் விலையைப் பொலிவிய நாட்டின் கொச்சபாம்பா நகரம் கொடுத்தது. அதை 7ஆம் படியில் பார்ப்போம்.

படி 2: தண்ணீர் வரும் வழியே நடந்து இடர்களை எழுதுங்கள்

அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதும் இடர்ப் பட்டியல் எல்லா ஊருக்கும் ஒன்றுபோலவே இருக்கும். நீர்மூலத்திலிருந்து தொடங்கி, நீரேற்று நிலையம், பிரதானக் குழாய், மேல்நிலைத் தொட்டி, தெருக் குழாய், வீட்டு இணைப்பு, ரசீது, வசூல் என்று வழியோடு நடந்து எழுதுங்கள். வால்வு திறப்பவரையும் தொட்டி இயக்குபவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பொறியாளருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

‘வறட்சி இடர்’ என்று தலைப்பு மட்டும் எழுதினால் பயனில்லை. ஒவ்வொன்றையும் ஒரே அச்சில் முழு வாக்கியமாக எழுதுங்கள்: இது நடந்தால், இவர், இந்தக் கணக்கிலிருந்து, இத்தனை நாளுக்குள், இவ்வளவு வரை. சில மாதிரிகள்:

– ஆற்றில் நீர்மட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், இயக்குபவருக்கு அபராதம் இல்லை. டேங்கர் மூலம் தண்ணீர் தரும் செலவு நகராட்சியின் வறட்சி நிதியிலிருந்து.

– நீரேற்று நிலைய மோட்டார் எரிந்தால், 48 மணி நேரத்துக்குள் மாற்றுவது இயக்குபவர் பொறுப்பு. மின்னழுத்த ஏற்ற இறக்கமே காரணம் என்று பதிவுக் கருவி காட்டினால் செலவு பாதிப் பாதி.

– தெருக் குழாயில் கசிவு என்று குழு தகவல் கொடுத்த நேரம் பதிவேட்டில் ஏறியதிலிருந்து இயக்குபவரின் கெடு தொடங்கும்.

– கட்டண உயர்வை மாநில அரசு நிறுத்தி வைத்தால், வித்தியாசத் தொகையை மாநில அரசே அந்தக் காலாண்டிலேயே ஈடுகட்டும்.

வாக்கியத்தில் ஏதாவது ஓர் இடம் காலியாக இருந்தால் அங்கேதான் நாளைய வழக்கு இருக்கிறது. பெரும்பாலும் காலியாக இருப்பது ‘இந்தக் கணக்கிலிருந்து’ என்ற இடம்.

படி 3: ஒவ்வொரு இடருக்கும் மூன்று கேள்விகள்

இதைத் தடுக்கவோ குறைக்கவோ யாரால் முடியும்? இது வரப்போகிறது என்று முதலில் யாருக்குத் தெரியும்? இதன் செலவைத் தாங்கி, உடையாமல் நிற்க யாரால் முடியும்?

மூன்றுக்கும் விடை ஒருவரே என்றால் சிக்கல் இல்லை. கட்டுமானச் செலவு கூடுவது, எந்திரக் கோளாறு, குளோரின் அளவு தவறுவது ஆகியவை இயக்குபவருக்கு உரியவை, விவாதமே வேண்டாம். நிலம் கையகப்படுத்தல் அரசுக்கு உரியது. விடைகள் பிரியும் இடத்தில்தான் வேலை இருக்கிறது. வறட்சியை யாராலும் தடுக்க முடியாது. அணையில் யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் அதிகாரமும் தாங்கும் பணமும் மாநில அரசிடம் இருப்பதால் பெரும்பங்கு அங்கே போக வேண்டும். திருட்டு இணைப்பு முதலில் தெருவுக்குத் தெரியும், ஆனால் இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் நகராட்சியிடம் இருக்கிறது, நட்டமோ இயக்குபவருடையது. அப்படியானால் தகவல் தருவது குழு, நடவடிக்கை நகராட்சி, நடவடிக்கை எடுக்காத நாளிலிருந்து நட்டமும் நகராட்சிக்கு என்று அடுக்க வேண்டும்.

‘எல்லா இடரையும் தனியார் தலையில் கட்டிவிட்டோம்’ என்று பெருமைப்படும் அதிகாரிகள் உண்டு. தன்னால் கட்டுப்படுத்த முடியாத ஒன்றைச் சுமக்கச் சொன்னால், விவரமான நிறுவனம் அதற்கான தொகையை விலையில் ஏற்றிவிடும். துணிந்த நிறுவனம் குறைந்த விலைக்கு ஒப்பந்தத்தைப் பிடித்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் ‘மறுபேச்சு’ என்று வந்து நிற்கும். இரண்டாவது வகைதான் ஆபத்து. ஏலத்தில் வெல்வதும் அதுவே.

படி 4: வேலையைத் துண்டு போட்டு, துண்டுக்கு ஏற்ற ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுங்கள்

சேவை ஒப்பந்தத்தில் தனியார் ஒரு வேலையை மட்டும் செய்வார். மீட்டர் கணக்கெடுப்பு, ரசீது வழங்கல் போல. குத்தகை முறையில் சொத்தும் முதலீடும் அரசிடம் இருக்கும், இயக்கமும் வசூலும் தனியாரிடம். செனகல் நாட்டில் 1996 முதல் நடப்பது இதன் ஒரு வகை: குழாய்களும் நிலையங்களும் அரசு நிறுவனத்தின் சொத்து, கடன் வாங்குவதும் அதுவே, இயக்கும் நிறுவனத்தின் வருமானம் கசிவைக் குறைப்பது, கட்டணத்தை வசூலிப்பது ஆகிய இலக்குகளோடு கட்டப்பட்டது. அடுத்தது கட்டி, இயக்கி, ஒப்படைக்கும் முறை: ஒரு நிலையத்தைத் தனியார் தன் முதலீட்டில் கட்டி, பல ஆண்டுகள் இயக்கிப் பணத்தை மீட்டுக்கொள்வார். முழு உரிமக் குத்தகையில் ஊரின் மொத்தத் தண்ணீர்ச் சேவையும் 25, 30 ஆண்டுகளுக்குக் கைமாறும்.

ஒரு திட்டத்துக்கு ஒரே வடிவம்தான் என்று யாரும் விதி போடவில்லை. அப்போது சென்னையை ஒட்டிய தனி நகராட்சியாக இருந்த ஆலந்தூரின் பாதாளச் சாக்கடைத் திட்டம் இதற்கு நல்ல பாடம். 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய இத்திட்டத்தின் மதிப்பு சுமார் ரூ.34 கோடி. தெருக்களுக்கு அடியில் குழாய் பதிக்கும் வேலை அளவுப்பட்டியல்படி பணம் தரும் சாதாரண ஒப்பந்தம். தோண்டினால் பாறை வருமா, ஊற்று வருமா, யாருடைய பழைய கேபிள் வருமா என்று எவருக்கும் தெரியாது. அந்த இடரைத் தனியாரிடம் தள்ளினால் விலை எகிறும் என்பதால் நகராட்சியே வைத்துக்கொண்டது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் தெளிவான எல்லைகளுக்குள் அடங்கும் வேலை; அது கட்டி, இயக்கி, ஒப்படைக்கும் முறையில் தனியாருக்குப் போனது. சுத்திகரிக்கும் அளவுக்குப் பணம், அதிலும் ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு நகராட்சியின் உறுதி. வீடுகள் இணையும் வேகம் குறைந்தால் அந்த இடர் நகராட்சிக்கு.

அந்த வேகத்தைக் கூட்ட வேண்டிய இடத்தில் மக்கள் வந்தார்கள். வீட்டு இணைப்புக்கு ரூ.5,000, வணிக இணைப்புக்கு ரூ.10,000 என்று முன்வைப்புத் தொகை. அன்றைய நகராட்சித் தலைவர் ஆர்.எஸ். பாரதி தலைமையில் தெருத் தெருவாகப் பிரச்சாரம் நடந்தது. குடியிருப்போர் சங்கங்கள் கூடவே நின்றன. குழாய் பதியும் முன்பே பணம் கட்டிய வீடு பிறகு இணைப்பு வேண்டாம் என்று சொல்வது அரிது. வைப்புத்தொகையை நிதி திரட்டும் வழியாக மட்டுமே பலர் பார்க்கிறார்கள். என் பார்வையில் அதன் பெரிய பயன் வேறு: வாங்குவோர் வராமல் போகும் இடரை முதல் நாளிலேயே அது பாதியாக்கிவிடுகிறது. திருப்பூரில் ஆயிரம் கோடிக்கு மேல் போட்டும் கிடைக்காத உறுதி அது.

படி 5: வாங்குபவர் இல்லாமல் போனால்?

தண்ணீர்த் திட்டங்கள் சாய்வதற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று என்பதால் இங்கே நிதானமாக நில்லுங்கள்.

திருப்பூரின் கணக்கு தொடக்கத்தில் அழகாகவே இருந்தது. பின்னலாடைத் தொழில் சுற்று வட்டாரக் கிணறுகளிலிருந்து டேங்கரில் வந்த தண்ணீரை விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கிலோலிட்டர் (ஆயிரம் லிட்டர்) ரூ.45 என்று விற்று, அந்த வருமானத்தில் நகராட்சிக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் மிகக் குறைந்த விலையில் கொடுப்பது திட்டம். 30 ஆண்டு உரிமம். 2005இல் நீர் வழங்கல் தொடங்கியது. ஏழை வீட்டுக் குழாயின் விலை சாயப்பட்டறையின் தாகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தாகம் இரண்டு வழிகளில் குறைந்தது. கழிவுநீரை வெளியேவிடக் கூடாது என்ற கட்டாயம் வந்ததும் பட்டறைகள் சுத்திகரித்த நீரையே திரும்பப் பயன்படுத்தத் தொடங்கின. புதுத் தண்ணீரின் தேவை தானாகச் சுருங்கியது. அதன்மேல் 2011 உத்தரவு. நிறுவனம் கடனைத் திருப்பிச் செலுத்தத் திணறி, கடன் மறுசீரமைப்பு வரை போனது. இதில் யாரும் ஒப்பந்தத்தை மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். சுற்றுச்சூழல் சட்டம் தன் வேலையைச் செய்தது. நொய்யல் எத்தனை ஆண்டுகளாகச் செத்துக்கொண்டிருந்தது என்பது ஊரறிந்த செய்தி. ஒரே ஆற்றை மாசுபடுத்தும் ஒரே தொழிலை நம்பி 30 ஆண்டுக் கணக்குப் போட்டதுதான் பலவீனம்.

இதற்கு நேர் எதிர்முனையில் மீஞ்சூர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 25 ஆண்டு ஒப்பந்தம், 2010இல் இயக்கம், தொடக்க விலை கிலோலிட்டருக்கு ரூ.48.66. இங்கே வாங்குபவர் சென்னைக் குடிநீர் வாரியம் ஒருவரே. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் என்ற வகை ஏற்பாடு. தேவை குறையும் இடர் முழுக்க அரசுக்கு. ஏரிகள் நிரம்பி வழியும் ஆண்டில் இது வீண் செலவாகத் தோன்றும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது அதே தண்ணீர் எவ்வளவு மதிப்புடையது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே முடிவெடுக்கும் முறை இப்படி இருக்கட்டும். வாங்குபவர்களைப் பட்டியலிடுங்கள். ஒரே துறையோ ஒரே பெரிய ஆலையோ வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அதைத் தனி இடராக எழுதுங்கள். அந்தத் துறை நின்றால் என்ன ஆகும் என்று கணக்கு ஓட்டிப் பாருங்கள். குறைந்தபட்சக் கொள்முதல் உறுதி கொடுப்பதானால் முழு அளவுக்குக் கொடுக்காதீர்கள். கடன் தவணையும் அன்றாடச் செலவும் ஓடும் அளவுக்குக் கொடுங்கள். லாபம் விற்பனையிலிருந்து வரட்டும். எதிர்பார்த்ததைவிட அதிகம் விற்றால் கூடுதல் லாபத்தில் நகராட்சிக்கும் பங்கு உண்டு என்பதையும் அதே பத்தியில் சேருங்கள். இழப்பில் மட்டும் கூட்டாளி என்பது என்ன கூட்டு?

படி 6: கட்டணம், நாணயம், தேர்தல்

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலா 1997 ஆகஸ்ட் 1 அன்று தன் தண்ணீர்ச் சேவையை இரண்டாகப் பிரித்து 25 ஆண்டுகளுக்குத் தனியாரிடம் கொடுத்தது. கிழக்கு மணிலா வாட்டர் நிறுவனத்துக்கு, மேற்கு மைனிலாட் நிறுவனத்துக்கு. அப்போது கனமீட்டருக்கு 8.78 பேசோவாக இருந்த கட்டணத்தைக் கிழக்கில் 2.32 பேசோவுக்கும் மேற்கில் 4.97 பேசோவுக்கும் இறக்குவதாக ஏலத்தில் வென்றவர்கள் சொன்னார்கள். ஊரே மகிழ்ந்தது. சேவை கைமாறிய நாளுக்கு ஒரு மாதத்துக்கு முன்புதான் தாய்லாந்தின் நாணயம் சரிந்து ஆசிய நிதி நெருக்கடி தொடங்கியிருந்தது. டாலருக்குச் சுமார் 26 பேசோ என்றிருந்த மதிப்பு 2001இல் 50ஐத் தாண்டியது. பழைய அரசு அமைப்பின் வெளிநாட்டுக் கடனில் 90 சதவீதத்தைச் சுமக்க ஒப்புக்கொண்டிருந்தது மைனிலாட். வருமானம் பேசோவில், கடன் டாலரில். போதாக்குறைக்கு எல் நினோ வறட்சியில் நகரின் ஒரே பெரிய நீர்மூலமான அங்காட் அணையும் வற்றியது.

2001இல் மைனிலாட் அரசுக்கு உரிமக் கட்டணம் செலுத்துவதை நிறுத்தியது. அதே ஆண்டு ஒப்பந்தம் திருத்தப்பட்டு, நாணய இழப்பைக் கட்டணத்தின் வழியே நுகர்வோரிடம் வசூலிக்க வழி செய்யப்பட்டது. காகிதத்தில் நிறுவனத்திடம் இருந்த இடர் நான்கே ஆண்டுகளில் வீட்டு ரசீதுக்கு இடம் மாறிவிட்டது. பிறகு நடந்ததும் சுவையானது. கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் அலுவலகம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே அரசு அமைப்பின் உள்ளேயே இருந்தது. அது உயர்வை மறுத்தபோது நிறுவனங்கள் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போய் வென்றன. அன்றைய அதிபர் துத்தெர்தே கொதித்தார். 2021இல் இரண்டு ஒப்பந்தங்களும் மாற்றி எழுதப்பட்டன. நாணய இழப்பை நுகர்வோரிடம் தள்ளும் வசதி பெருமளவு குறுக்கப்பட்டது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை: உள்ளூர்ப் பணத்தில் வசூலாகும் திட்டத்துக்கு உள்ளூர்ப் பணத்திலேயே கடன் வாங்குங்கள். முடியாவிட்டால் நாணய இழப்பில் ஒரு வரம்பு வரை நிறுவனம், அதற்கு மேல் அரசு, ஆண்டுக்கு இத்தனை சதவீதத்துக்கு மிகாமல் நுகர்வோர் என்று அடுக்காகப் பிரியுங்கள். நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த ஏல விலை வந்தால் கொண்டாடாதீர்கள். அந்த விலையில் எந்த இடர் எந்தச் சூத்திரத்தில் அடங்கியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். கட்டணம் உயரும் முறை மின்கட்டணம், சம்பளம், பணவீக்கம் ஆகியவற்றோடு கட்டிய சூத்திரமாக இருக்கட்டும். அந்தச் சூத்திரம் தமிழில், ஒரு பக்கத்தில், நகராட்சி வாசலில் ஒட்டும்படி எளிதாக இருக்கட்டும். அப்படி எழுத முடியாத சூத்திரத்தில் யாரோ ஒளிந்திருக்கிறார்கள்.

படி 7: ஊர் மக்களிடம் எதைக் கொடுக்கலாம், எதைக் கூடாது

கொச்சபாம்பாவில் 1999 செப்டம்பரில் அகுவாஸ் தெல் துனாரி என்ற நிறுவனத்துக்கு 40 ஆண்டு உரிமம் கொடுக்கப்பட்டது. ஏலத்துக்கு வந்தது அது ஒன்றுதான். முதலீட்டுக்கு 15 சதவீதத்துக்கு மேல் லாபம் உறுதி செய்யப்பட்டது. மிசிகுனி அணைத் திட்டத்தின் செலவும் கட்டணத்தில் ஏறியது. 2000 ஜனவரியில் ரசீதுகள் வந்தபோது பல வீடுகளுக்குக் கட்டணம் தாறுமாறாக உயர்ந்திருந்தது. ஆனால் கலவரம் வெறும் கட்டணத்தால் மூண்டதல்ல. நகரின் விளிம்பில் மக்கள் தங்கள் பணத்தில், தங்கள் உழைப்பில் வெட்டிய கிணறுகளும் கூட்டுறவுக் குழாய்களும் இருந்தன. உரிமப் பகுதியில் ஒரே நிறுவனத்துக்கே உரிமை என்று சட்டம் சொன்னதும், அந்தக் கிணறுகளும் கைவிட்டுப் போகும் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். ஒரு இடரையும் ஏற்காமல் லாபம் ஒருவருக்கு. கையெழுத்தே போடாமல் எல்லா இடரும் இன்னொருவருக்கு. ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தானது.

ஏற்கெனவே இருக்கும் சமூக நீர் அமைப்புகளை ஒப்பந்தத்தின் இணைப்பில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து, அவற்றின் உரிமை தொடரும் என்று எழுத வேண்டும். அவற்றை இணைத்துக்கொள்வதானால் இழப்பீடோ பங்கோ தந்து, அவர்களுடைய ஒப்புதலோடு செய்ய வேண்டும்.

நல்ல உதாரணமும் மணிலாவிலேயே உண்டு. ‘துபிக் பாரா சா பாரங்காய்’ என்ற திட்டத்தில் மணிலா வாட்டர் நிறுவனம், நிலப் பட்டா இல்லாத ஏழைக் குடியிருப்புகளுக்கும் இணைப்புத் தந்தது. பல இடங்களில் தெரு முனையில் ஒரு பொது மீட்டர்; அதற்குப் பின் வீடுகளுக்குப் பங்கிடுவதும் பணம் சேர்ப்பதும் குடியிருப்புக் குழுவின் வேலை. திருட்டும் வசூல் பாக்கியும் நிறுவனத்தால் தடுக்க முடியாத இடர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களால் முடியும். மீட்டர் வரைக்கும் கசிவு நிறுவனத்துக்கு, மீட்டருக்குப் பின் கசிவு குழுவுக்கு. கோடு தெளிவாக இருந்ததால் இரு தரப்பும் தன் பக்கத்தைப் பார்த்துக்கொண்டது.

நம் கிராமங்களில் அந்தக் கோடு மங்கலாகவே இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்குள் அமையும் கட்டமைப்பின் செலவில் 10 சதவீதம் மக்கள் பங்கு. மலை, வனப் பகுதிகளிலும் பட்டியலின, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் வாழும் ஊர்களிலும் 5 சதவீதம். பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம். இது நியாயம்தான். சிக்கல் அதற்குப் பிறகு ‘இயக்கமும் பராமரிப்பும் சமூகத்தின் பொறுப்பு’ என்று போகிற போக்கில் எழுதும் வரியில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். 300 வீடுகள், மாதம் ரூ.50 என்றால் ரூ.15,000. மூன்றில் இரண்டு வீடுகள் கட்டினால் ரூ.10,000. தொட்டி இயக்குபவரின் ஊதியம், பிளீச்சிங் பவுடர், வால்வு, சில்லறைப் பழுது போனால் கையில் என்ன நிற்கும்? இந்தக் குழுவிடம் சப்மெர்சிபிள் மோட்டாரை மாற்றும் பொறுப்பையும் கிணறு வற்றினால் புதுக் கிணறு போடும் பொறுப்பையும் கொடுப்பது, ஊரின் தண்ணீரை ஒரே ஒரு மோட்டாரின் ஆயுளோடு கட்டிவிடுவதாகும்.

ஆகவே குழுவுக்கு உரியவை: வசூல், தெருக் கசிவு பற்றிய தகவல், தொட்டி கழுவும் நாளைக் கண்காணிப்பது, குளோரின் சோதனை, நேரப் பங்கீடு, சிறு பழுது. இதற்கு ஒரு தொகை வரம்பு போடுங்கள். அதைத் தாண்டும் எந்தப் பழுதும் தானாக ஊராட்சிக்கோ வாரியத்துக்கோ போக வேண்டும். குழுவுக்குக் கொடுக்கக் கூடாதவை: நீர்மூலம் வற்றுவது, ஃப்ளோரைடு போன்ற நீர்த்தரச் சிக்கல், பெரிய எந்திரங்கள், மின்கட்டண உயர்வு. கண்காணிக்கும் பெண்களின் உழைப்புக்கு மதிப்பூதியம் எழுதுங்கள். ‘தன்னார்வம்’ என்ற பெயரில் இலவச உழைப்பை வாங்குவதும் ஓர் இடரை அவர்கள்மேல் ஏற்றுவதுதான்.

படி 8: அளவு தெரியாமல் அபராதம் எழுதாதீர்கள்

1997இல் மணிலா கிழக்கில் கணக்கில் வராத நீர், அதாவது கசிவிலும் திருட்டிலும் வருமானம் தராமல் போனது, சுமார் 63 சதவீதம். தொடக்க நிலை தெரிந்திருந்ததால்தான் பிறகு வந்த முன்னேற்றத்தைப் பேச முடிந்தது. நம் ஊர்கள் பலவற்றில் ஊருக்குள் எவ்வளவு நுழைகிறது என்பதற்கே மீட்டர் இல்லை. முதல் ஆண்டை அளவெடுக்கும் ஆண்டாக வையுங்கள்; அபராதம் இரண்டாம் ஆண்டிலிருந்து. அளவெடுப்பவர் மூன்றாம் நபராக இருக்கட்டும். அருகில் உள்ள பொறியியல் கல்லூரி போதும். மீட்டர் யாருடைய சொத்து, யார் சோதிப்பது, பழுதானால் எந்தச் சராசரியை வைத்துக் கணக்கிடுவது என்பதை எழுத மறக்காதீர்கள்.

படி 9: பணத்துக்குத் தனிப் பெட்டிகள்

நகராட்சி நேரத்துக்குப் பணம் தராது என்ற அச்சம் எல்லா ஏல விலையிலும் கலந்திருக்கிறது. தண்ணீர்க் கட்டணம் பொதுக் கணக்கில் விழாமல் தனிக் கணக்கில் விழுந்து, மின்கட்டணம், இயக்குபவர், கடன் தவணை, மாற்றுநிதி என்ற வரிசையில் வெளியேற வேண்டும். மாற்றுநிதி என்பது மோட்டாருக்கும் குழாய்க்கும் மாதந்தோறும் ஒதுக்குவது. எந்த மன்றத் தீர்மானத்தாலும் வேறு செலவுக்கு எடுக்க முடியாதபடி பூட்டுங்கள். மக்களின் வைப்புத்தொகையை ஒருபோதும் இதோடு கலக்காதீர்கள். திட்டம் நின்றுபோனால் அது எப்படி, எத்தனை மாதத்தில் திரும்பும் என்பது ரசீதின் பின்புறத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும்.

படி 10: பிரிவதை முதலிலேயே எழுதுங்கள்

மைனிலாட் 2002இல் விலக அறிவிப்புக் கொடுத்தது. விலக முடியாது என்றது நடுவர் மன்றம். புதிய உரிமையாளர்கள் பொறுப்பேற்க 2007 ஆகிவிட்டது. தான்சானியாவின் டார் எஸ் சலாம் நகரில் 2003இல் தொடங்கிய ஒப்பந்தத்தை 2005இல் அரசு முறித்தது. வழக்கு 2008 வரை இழுத்தது. கொச்சபாம்பாவில் நிறுவனம் போனதும் தண்ணீர் வந்துவிடவில்லை. மிசிகுனி அணை முடியவே 2017 ஆனது. விரட்டுவது ஒரு நாள் வேலை, குழாயில் தண்ணீர் நிற்காமல் பார்ப்பது வேறு வேலை.

எனவே நகராட்சி தற்காலிகமாக உள்ளே வந்து இயக்கும் உரிமை, எந்தெந்தத் தவறுக்கு, எத்தனை நாள் எச்சரிக்கைக்குப் பின் என்று எழுதுங்கள். யார் தவறால் முறிந்தால் யாருக்கு எவ்வளவு இழப்பீடு என்பதற்கு மூன்று தனிச் சூத்திரங்கள் வேண்டும்: அரசின் தவறு, நிறுவனத்தின் தவறு, இருவர் தவறும் இல்லாதது. மூன்றிலும் குடிநீர் வழங்கல் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது என்பது பொது விதி. தகராறில் முதல் மேடை ஊரிலேயே இருக்கட்டும். குழுவின் ஒரு பிரதிநிதிக்கு அதில் வாக்குரிமையோடு இடம் கொடுங்கள்.

ஒப்பந்தம் முடியும் கடைசி ஆண்டுகளில் பராமரிப்பைக் குறைப்பது இயக்குபவருக்கு லாபம். அதனால் முடிவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே கூட்டு ஆய்வு நடத்தி, பழுதுகளின் மதிப்புக்கு ஈடான தொகையை அவருக்குத் தர வேண்டிய பணத்திலிருந்து பிடித்து வையுங்கள். ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியலில் எந்திரங்களோடு நின்றுவிடாதீர்கள். ரசீது மென்பொருளின் தரவு, வாடிக்கையாளர் கணக்குகள், நிலத்தடிக் குழாய் வரைபடம், எந்தத் தெருவுக்கு எந்த வால்வு என்ற விவரம், அந்த வால்வுகளைத் திறந்து மூடும் தொழிலாளர்கள் அடுத்த நிர்வாகத்திலும் அதே ஊதியத்தில் தொடர்வதற்கான உறுதி ஆகியவையும் அதில் இருக்க வேண்டும்.